நாடு கடத்தப்பட்ட ரோஜர் வில்லியம்ஸ்

மத சுதந்திரம் என்னும் சொல் இக்காலத்தில் எல்லோர் நாவிலும் எளிதில் வழங்குகின்றது. அச்சொல்லைக் கூறுவோரிற் பெரும்பாலார் தமது மதத்திற்கு வேண்டும் சுதந்திரத்தையே மனத்துட் கொண்டு கூறுகின்றனர். பிறன் மதம் பொய்யென்று நெஞ்சார நம்பிக்கொண்டே, அப்பொய்யைப் பின்பற்றும் உரிமை அவனுக்கு உண்டென்று வாதாடி, அதற்காகத் துன்பமும் ஏற்றவர் உலக சரித்திரத்தில் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவரைப் பற்றி இன்று எழுதப் புகுந்தோம். அவர் வட அமெரிக்காவில் ரோட் ஐலண்டு என்னும் சிறு ராஜ்யத்திற்கு அடிகோலிய ரோஜர் வில்லியம்ஸ் ஆவர்.

நமது நாட்டில் சமரசம் பேசுவோர், மதங்களெல்லாம் ஒரே கடலிற் கலக்கும் ஆறுகள் என்று கூறுவது வழக்கம். அது பெருந்தன்மை வாய்ந்த கொள்கையே. நாமும் அதனைப் போற்றுகிறோம். ஆனால் அக்கொள்கையை ஒப்பாதவனுக்கு வழி யாது? தன் மதமே மெய், ஏனையவை பொய் என்று உறுதிகொண்ட பத்து வகையினர் ஒரே தெருவிற் குடியிருக்க நேர்ந்தால் அவர்கள் எங்ஙனம் கூடி வாழ்வது? எல்லாம் ஒன்றே என்று அவர்களிடம் உபதேசிப்பதில் பயனில்லை. வில்லியம்ஸ் அந்தப் பத்து வகையினருள் ஒருவர். அவர் கண்ட விடை நமது சமரசவாதிகளின் விடையினும் வேறானது என்பதனாலேயே அவர் சரித்திரம் நமக்கு வேண்டியதாகின்றது.

வில்லியம்ஸ் 1603-ஆம் ஆண்டையொட்டி லண்டனிற் பிறந்தார். அவர் வளர்ந்த ஸ்மித்பீல்டு என்னும் பகுதி, மத நிந்தனை செய்தாரென்று தீர்ப்புப் பெற்றவர்களைக் கம்பத்திற் கட்டி எரிக்கும் இடமாகப் பேர் பெற்றது. பார்த்தலமியூ லெகட் என்பவர் 1612-இல் அங்கே எரிக்கப்பட்டார். அக்குற்றத்திற்காக லண்டனில் எரிக்கப்பட்டவர்களில் அவரே கடைசி மனிதர். அப்போது வில்லியம்ஸ் ஏறக்குறைய ஒன்பது வயதுச் சிறுவர்.

சுருக்கெழுத்தில் வல்லவரான அப்பிள்ளையை ஸர் எட்வர்டு கோக் என்னும் பெரிய நியாயாதிபதி தமக்கு எழுத்தாளாக அமர்த்திக்கொண்டார். அரசனும் சட்டத்திற்கு உட்பட்டவனே என்று ஜேம்ஸ் மன்னருக்கு நேரில் எடுத்துரைத்துப் பதவியை இழந்தவர் அவர். அவருடைய ஆதரவினாலேயே வில்லியம்ஸ் நல்ல பாடசாலையிற் சேர்ந்து, பின்பு கேம்பிரிட்ஜில் பெம்புரோக் கல்லூரியிற் பயின்று, 1627-இல் பட்டம் பெற்றார். 1629-இல் மேரி பார்னர்டு என்னும் அம்மையாரை மணந்தார். அக்காலத்தில் இங்கிலாந்தின் அரசாங்கத் திருச்சபை முற்றும் சீர்திருந்தவில்லையென்று குறை கூறிய பியூரிட்டன் கூட்டத்தாருடன் அவர் சேர்ந்திருந்தார். பிஷப் லாட் என்பவரின் கெடுபிடி நாளுக்கு நாள் மிகுந்தது. 1630-ஆம் வருஷம் டிசம்பரில் தம்பதிகள் பிரிஸ்டல் துறைமுகத்திற் கப்பலேறி, மறுவருஷம் பிப்ரவரியில் மஸாசூஸெட்ஸ் கரையை அடைந்தனர்.

மஸாசூஸெட்ஸ் குடியேற்றம் துன்பத்திற்குத் தப்பி வந்தோரின் குடியேற்றம். ஆயினும் வந்தவர்கள் தம்மைத் துன்புறுத்தினோரின் தொழிலைக் கற்றுக்கொண்டே வந்திருந்தனர்! திருச்சபை அங்கத்தினர் அல்லாதார்க்கு வோட்டு இல்லையென்று 1631-இல் விதி செய்தனர். ஓய்வு நாளைக் கைக்கொள்ளாமையையும் மத நிந்தனையையும் மாஜிஸ்திரேட்டுகள் தண்டித்தனர். இவர்கள் கொடியவர்கள் அல்லர். கற்றவர்கள், கடவுளிடம் அச்சம் உடையவர்கள். மெய்யான மதத்தைக் காப்பது அரசின் கடமை என்று அவர்கள் நம்பினர். அந்த நம்பிக்கை ஒன்றே போதுமானதாயிருந்தது.

பாஸ்டன் சபையார் வில்லியம்ஸை வரவேற்றுப் போதகர் பதவி அளிக்க முன்வந்தனர். அதை அவர் மறுத்துவிட்டார். இங்கிலாந்தின் திருச்சபையோடு முற்றும் தொடர்பறுத்துக்கொள்ளாத சபையில் தாம் ஊழியம் செய்வதற்கில்லை என்பது அவர் கூறிய காரணம். இங்கே உண்மையை மறைக்காமற் சொல்லிவிடுகிறோம். இளமையில் வில்லியம்ஸ் பிறருடன் இணங்கிப் போகும் இயல்பினர் அல்லர். அவருடைய பரிசுத்த வேட்கை முற்றி, ஒரு காலத்தில் தம் மனைவியாரையன்றி வேறெவருடனும் நற்கருணை விருந்திற் கலந்துகொள்ள மாட்டாத நிலைக்கு வந்தாரென்று அவர் காலத்தவர் எழுதிவைத்தனர். ஆனால் அந்த வழியே போய்த்தான் அவர் மறுகோடியை எட்டினார். மாசற்ற சபை இவ்வுலகில் எங்கும் இல்லையாயின், எது மெய்ம்மதம் என்று தீர்ப்புக் கூற ஒரு மாஜிஸ்திரேட்டுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? பிறரை விலக்கும் பிடிவாதத்திலிருந்து பிறரை விட்டுவைக்கும் நீதி பிறந்த விந்தை இது.

பாஸ்டனை விட்டு சேலத்திற்கும், அங்கிருந்து பிளிமத்திற்கும், மீண்டும் சேலத்திற்குமாக அவர் வாழ்ந்தார். (அமெரிக்காவின் சேலத்தைக் கூறுகிறோம்.) பிளிமத்தில் இருந்தபோது பூர்வகுடிகளின் குடிசைகளிலே தங்கி அவர்கள் மொழியைக் கற்றார். அதன் பயனாக அவர் வெளியிட்ட அபிப்பிராயம் ஒன்று குடியேற்றத்தின் அடிப்படையையே அசைத்துவிட்டது. இங்கிலாந்து மன்னர் ஒரு சாசனம் எழுதிக் கொடுத்துவிட்டதனால் இந்த நிலம் ஆங்கிலேயருக்குச் சொந்தமாகிவிடாது. நிலம் பூர்வகுடிகளுடையது, அவர்களிடம் விலை கொடுத்தோ இசைவு பெற்றோதான் அதை அடையலாம். தமதல்லாத பொருளைத் தானம் செய்ய மன்னருக்கு உரிமையில்லை. இதனை அவர் எழுதியே வைத்தார். அந்நிய மன்னர்களின் சாசனங்களால் நாடிழந்த அனுபவம் உடைய நமக்கு, 1633-இல் ஓர் ஆங்கிலேயப் போதகர் இவ்வாறு எழுதினார் என்பது வியப்பையும் மகிழ்ச்சியையும் தருகின்றது. பாஸ்டன் அதிகாரிகளுக்கு அது தந்தது பயமே.

அத்துடன் வேறு குற்றங்களும் சேர்ந்தன. கடவுளுக்குச் செய்யவேண்டிய கடமைகள் பற்றிய கட்டளைகளை மீறுவோரைத் தண்டிக்க மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரமில்லை என்றார். சத்தியப் பிரமாணம் என்பது ஒருவகை வழிபாடு. ஆகவே அவிசுவாசி ஒருவனைச் சத்தியம் செய்ய வற்புறுத்துவது தகாது என்றார். 1635-ஆம் வருஷம் அக்டோபரில் பொதுச் சபை அவரை நாடு கடத்துமாறு தீர்ப்பளித்தது. அதே மாதத்தில் அவருக்கு இரண்டாவது பெண் குழந்தை பிறந்தது. சுதந்திரத்திற் பிறந்தவள் என்று பொருள்பட ஃப்ரீபார்ன் என அதற்குப் பெயரிட்டார்.

அவர் நோயுற்றிருந்தமையால், வாய் மூடி இருப்பதானால் வசந்த காலம் வரை தங்கலாமென்று தவணை தந்தனர். வாய் மூடி இருப்பது அவரால் ஆகாத காரியம். வீட்டிலே கூட்டம் கூடிற்று. அவரைப் பிடித்து இங்கிலாந்துக்குக் கப்பலேற்றிவிட அதிகாரிகள் முடிவு செய்தனர். கைது செய்யச் சென்ற காப்டன் அண்டர்ஹில் வந்து பார்க்கையில், வில்லியம்ஸ் புறப்பட்டு மூன்று நாளாகியிருந்தது. அவருக்கு எதிராக நின்ற முன்னாள் கவர்னர் ஜான் வின்த்ராப்பே, நராகான்ஸெட் குடாப் பக்கம் போய்விடும்படி அந்தரங்கமாக எழுதி அவரைக் காத்தார் என்பது பின்னர் வெளிப்பட்டது. அரசியலில் பகை, அன்பில் நட்பு. இருவரும் இறுதிவரை கடிதப் போக்குவரத்து உடையவராகவே இருந்தனர்.

அது 1636-ஆம் வருஷத்து ஜனவரி, கொடிய பனிக்காலம். உணவும் படுக்கையும் இன்னவென்று அறியாமல் பதினான்கு வாரம் அலைந்ததாக வில்லியம்ஸ் முதுமையிலும் நினைத்து எழுதினார். கிறிஸ்தவர்கள் துரத்தினர், கிறிஸ்தவரல்லாத வாம்பனோக் தலைவர் மஸஸாயிட் இடமளித்தார். வசந்தத்தில் அவர் ஆற்றைக் கடந்து சென்று, நராகான்ஸெட் தலைவர்களாகிய கனானிக்கஸ், மியான்டனோமி என்பவர்களிடம் நிலம் பெற்று ஓர் ஊர் கண்டார். இறைவனுடைய பாதுகாப்பு என்னும் கருத்தில் பிராவிடென்ஸ் எனப் பெயர் வைத்தார். அந்த நிலத்தைப் பணத்தால் வாங்கியதாகத் தாம் கருதவில்லை என்றும், அன்பினாலேயே அது கிடைத்ததென்றும் அவர் பின்னாளிற் கூறினார்.

பிராவிடென்ஸில் குடியேறினோர் ஓர் உடன்படிக்கையிற் கையெழுத்திட்டனர். பெரும்பான்மையோர் முடிவுக்குக் கட்டுப்படுவதாக அதில் ஒப்புக்கொண்டனர். ஆனால் உலகியற் காரியங்களில் மட்டுமே அவ்வாறு கட்டுப்படுவது என்று வரம்பும் வகுத்தனர். நாத்திகனோ, யூதனோ, கத்தோலிக்கனோ யார் வந்தாலும் வரி செலுத்திச் சட்டத்திற்கு அடங்கி நடந்தால் போதும். அவன் நெஞ்சைத் திறந்து பார்ப்பார் அங்கே இல்லை.

இக்கொள்கைக்கு முதற் சோதனை அரசனிடமிருந்து வரவில்லை. அடுத்த வீட்டிலிருந்து வந்தது. வில்லியம்ஸின் அண்டை வீட்டுக்காரரான ஜோஷுவா வெரின் என்பவர் சபைக் கூட்டங்களுக்கு வருவதை நிறுத்திவிட்டார். அது அவர் உரிமை. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் தம் மனைவி கூட்டத்திற்குச் செல்வதையும் தடுத்து அவ்வம்மையாரை அடித்துத் துன்புறுத்தினார். 1638-இல் ஊர்ச் சபை கூடிற்று. மனைவி கணவனுக்கு அடங்க வேண்டுமென்பது கடவுள் கட்டளையாதலின், மனச்சாட்சிச் சுதந்திரம் அக்கட்டளையை மீற இடந்தராது என்று ஒருவர் வாதித்தார். சபையார் அதனை ஏற்கவில்லை. பிறர் மனச்சாட்சியைத் தடுத்தவர் என்று வெரினுடைய வோட்டுரிமையைப் பறித்தனர். வெரின் மனைவியை அழைத்துக்கொண்டு சேலத்திற்கே திரும்பிவிட்டார். அவ்வம்மையாரின் கதி மாறியதாகக் கொள்வதற்கில்லை. ஆயினும் மனைவிக்கும் கணவனுக்கு அடங்காத ஒரு மனச்சாட்சி உண்டென்று 1638-இல் ஓர் ஊர் தீர்மானித்ததை நாம் சிறியதாக எண்ணவில்லை. நமது கிராமச் சபைகளில் இன்றைக்கும் அவ்வாறு தீர்ப்பளிப்போர் எத்தனை பேர் என்பதை வாசகர்களே கூறட்டும்.

பீக்வட் என்னும் கூட்டத்தாருடன் மஸாசூஸெட்ஸ் போர் தொடுத்தபோது, துரத்திய அரசாங்கமே அவர் உதவியை நாடிற்று. அவர் தனியே படகேறிப் புயலிடையே சென்று, நராகான்ஸெட்டார் பகைவருடன் சேராதபடி தடுத்தார். அதற்காகத் தண்டனையை நீக்கலாமென்று வின்த்ராப் முதலியோர் யோசனை கூறியும் ஒன்றும் நடக்கவில்லை. 1643-இல் சாசனம் வேண்டி இங்கிலாந்து செல்லப் புறப்பட்டபோதும், பாஸ்டன் துறைமுகம் அவருக்கு அடைபட்டிருந்தமையால் டச்சுக்காரரின் நியூ ஆம்ஸ்டர்டாமிற்குச் சென்றே கப்பலேற வேண்டியதாயிற்று. அக்கப்பலிலே பூர்வகுடிகளின் மொழியைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அவ்வருஷமே அது லண்டனில் அச்சாகியது.

அவர் சென்றபோது இங்கிலாந்தில் மன்னருக்கும் பார்லிமெண்டிற்கும் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. 1644 மார்ச்சில் சாசனம் கிடைத்தது. அவ்வருஷமே மதத் துன்புறுத்தலைக் கண்டித்து அவர் எழுதிய பெருநூலும் வெளிவந்தது. சுதந்திரத்திற்காகப் போராடிக்கொண்டிருந்த அதே பார்லிமெண்டு அந்நூலைத் தூக்குத் தண்டனை நிறைவேற்றுவோன் கையால் எரிக்குமாறு உத்தரவிட்டது. நூலாசிரியர் அதற்குள் கப்பலேறிவிட்டார்.

அந்நூலின் சாரம் யாதெனின், கட்டாயத்தினால் பக்தி பிறவாது. கபடமே பிறக்கும் என்பதாம். தேசத்தின் அமைதி வேறு, சபையின் அமைதி வேறு. ஒரு நகரத்தில் வைத்தியர் சங்கமோ, கிழக்கிந்திய வர்த்தகக் கம்பெனியோ தம்முட் பூசலிட்டுப் பிளவுபட்டு மறைந்தே போனாலும் நகரம் நகரமாகவே இருக்கிறதல்லவா? திருச்சபையும் அத்தகையதே என்று அவர் உவமை காட்டினார். அவர் அவ்வாறு எழுதிய 1644-இல், அந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியார் நமது சென்னைக் கரையில் இடம் பெற்று ஐந்து ஆண்டுகளே ஆகியிருந்தன. வர்த்தகக் கம்பெனியால் நகரத்தின் அமைதி கெடாது என்று அவர் எண்ணியது எவ்வளவு பிழையென்பதை நம் முன்னோர் பின்னர் அறிந்துகொண்டனர்! உவமை தவறினும் உவமேயம் தவறவில்லை.

சுதந்திரத்தைக் குழப்பத்திற்குச் சாக்காகக் கொண்டோரும் தோன்றினர். மனச்சாட்சி இடந்தரவில்லையென்று கூறி ஊர்க்காவற் படையிற் சேர மறுத்தனர் சிலர். அரசாங்கமே கூடாதென்றனர் வேறு சிலர். 1655-இல் தலைவராயிருந்த வில்லியம்ஸ் அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். பல மதத்தார் ஏறிய ஒரு கப்பலை அதில் உவமையாக எடுத்துக்கொண்டார். கப்பலின் பிரார்த்தனைக்கு வரும்படி எவரையும் கட்டாயப்படுத்தலாகாது. தம் பிரார்த்தனையைச் செய்வோரைத் தடுக்கவும் ஆகாது. ஆனால் கப்பல் போகும் திசையை மாலுமித் தலைவரே நிர்ணயிப்பார். கூலி தர மறுப்போரையும் கலகம் செய்வோரையும் அவர் அடக்கலாம். இவ்வளவே அவர் கூறியது. மனச்சாட்சியின் எல்லை எங்கே முடிகிறது என்று நீதிஸ்தலங்களில் இன்று பல நாள் நடக்கும் வாதங்களிற் பெரும்பகுதி அந்த ஒரு கப்பலில் அடங்கிவிடுகின்றது.

க்வேக்கர் என்னும் நண்பர் சமாஜத்தார் வந்தபோதுதான் கொள்கையின் உண்மை வலிமை புலப்பட்டது. அவர்களை அண்டைக் குடியேற்றங்கள் சவுக்காலடித்தன, காதை அறுத்தன. 1659 முதல் 1661 வரை பாஸ்டனில் நால்வரைத் தூக்கிலிட்டனர். அவர்களில் மேரி டயர் என்னும் அம்மையார் ரோட் ஐலண்டைச் சேர்ந்தவர். க்வேக்கர்களைத் துரத்தும்படி 1657-இல் அண்டையார் ரோட் ஐலண்டை வற்புறுத்தினர். மறுத்தால் வர்த்தகம் நின்றுபோகும் என்ற அச்சமும் இருந்தது. சொல்லுக்காக ஒருவரைத் தண்டிக்கத் தங்களிடம் சட்டம் இல்லையென்று அச்சிறு குடியேற்றம் விடை எழுதிற்று.

வில்லியம்ஸுக்கோ க்வேக்கர் கொள்கை வேம்பாயிருந்தது. வேதத்தினும் தம் உள்ளொளியை மேலாகக் கொள்கின்றனரென்று அவர் அவர்களைப் பழித்தார். 1672-இல் அவர்களுடைய தலைவர் ஜார்ஜ் ஃபாக்ஸ் ரோட் ஐலண்டிற்கு வந்திருப்பது கேட்டு வாதுக்கு அழைத்தார். எழுபது வயதை எட்டிய அக்கிழவர் முப்பது மைல் தூரம் தாமே துடுப்புத் தள்ளிக்கொண்டு நியூபோர்ட் சென்று சேர்ந்தார். ஃபாக்ஸ் அதற்குள் போய்விட்டார். மூன்று க்வேக்கர்களுடன் நியூபோர்ட்டில் மூன்று நாளும், பிராவிடென்ஸில் ஒரு நாளும் வாது நிகழ்ந்தது. எதிரிகள் கூச்சலிட்டனர், வில்லியம்ஸும் வசைமொழியிற் குறைந்தவரல்லர். பின்னர் அவ்வாதத்தை ஒரு நூலாகவும் எழுதி, ஃபாக்ஸின் பெயரை நரியென்று சிலேடை செய்து ஏசினார். இத்தனைக்கும் அப்போது அக்குடியேற்றத்தின் கவர்னர் ஒரு க்வேக்கர். அவர்களை வெளியேற்ற வேண்டுமென்றோ, அவர்கள் கூட்டத்தைத் தடுக்க வேண்டுமென்றோ வில்லியம்ஸ் கோரியதில்லை. வாதத்தில் வெல்லவே அவர் துடுப்புத் தள்ளினார்.

அவருடைய கடைசிக் காலம் துக்ககரமானது. 1675-இல் மஸஸாயிட்டின் மகன் மெட்டகாம் ஆங்கிலேயருக்கெதிராகப் போர் தொடங்கினார். நராகான்ஸெட்டாரும் அதில் இழுக்கப்பட்டனர். 1676 மார்ச்சில் பிராவிடென்ஸ் தீக்கிரையாயிற்று. வில்லியம்ஸின் வீடும் எரிந்தது. நாற்பது வருஷ நட்பு சாம்பலாகியது. போர் முடிந்தபின் சிறைப்பட்ட பூர்வகுடிகளை ஊரார் அடிமை வேலைக்கு விற்றுப் பணத்தைப் பங்கிட்டனர். அவ்விற்பனையை நடத்திய குழுவில் வில்லியம்ஸும் இருந்தார். நிலம் அவர்களுடையதென்று 1633-இல் எழுதிய கையே 1676-இல் அவர்களை விற்கவும் கையெழுத்திட்டது. இதனை மறைத்து அவரைப் புகழ நமக்கு மனம் ஒருப்படவில்லை. பிறன் மனச்சாட்சியைக் காக்க அறிந்தவர், பிறன் உடலைக் காக்கத் தவறினார்.

1683-ஆம் வருஷத் தொடக்கத்தில் அவர் வறியவராகவே காலமானார். 1860-இல் அவருடைய கல்லறையென்று கருதப்பட்ட இடத்தைத் தோண்டியபோது, எலும்பு கிடைக்கவில்லை. ஆப்பிள் மரத்தின் வேர் ஒன்று மனித உருவம்போல் வளைந்து கிடந்தது. அவ்வேரை ரோட் ஐலண்டுச் சரித்திர சங்கத்தார் எடுத்துப் பாதுகாத்தனர்.

அவருடைய தோழர் ஜான் கிளார்க் முயன்று 1663-இல் இரண்டாம் சார்ல்ஸ் மன்னரிடம் பெற்ற சாசனம், மத அபிப்பிராயத்திற்காக எவரையும் துன்புறுத்தலாகாதென விதித்தது. 1843 வரை அதுவே அந்த ராஜ்யத்தின் அரசியற் சட்டமாயிருந்தது. ஆயினும் சாசனம் இருக்கும்போதே மனம் சுருங்கிவிட்டது. 1719-இல் அச்சிட்ட சட்டத் தொகுப்பில் கத்தோலிக்கருக்கும் கிறிஸ்தவரல்லாதாருக்கும் வோட்டுரிமை இல்லையென்று ஒரு விதி நுழைந்திருந்தது. நியூபோர்ட் யூதர்கள் 1763-இல் தொழுகைக் கூடம் கட்டித் தடையின்றி வழிபட்டனர்; ஆனால் வோட்டுரிமை பெற்றவராயில்லை. கத்தோலிக்கருக்கு இருந்த தடை 1783-இல் நீங்கிற்று. மதத்தை ஸ்தாபிக்கவோ வழிபாட்டைத் தடுக்கவோ சட்டம் செய்யலாகாதென்ற திருத்தம் 1791-இல் அமெரிக்க அரசியற் சட்டத்திற் சேர்ந்தது.

வில்லியம்ஸை நாடு கடத்திய 1635-ஆம் வருஷத்து உத்தரவு மாத்திரம் மஸாசூஸெட்ஸ் ஏடுகளில் அப்படியே கிடந்தது. அதனை ரத்து செய்து அந்த ராஜ்யத்தின் சட்டசபை 1936-இல் தீர்மானம் நிறைவேற்றிற்று.